எந்த பஸ்ஸுக்குப் போவணும்?

ஓய்வு பெறப்போகும் அப்பாவிடம் போய், "என் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மகள் கேட்டால், அவள் அவருக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறாளா, இல்லை, இனிமேல்தான் அவருக்கென்று வரவேண்டிய ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறாளா?

சில மாதங்களாக எனக்கு இதே கேள்விதான். பால் காய்ச்சும்போது ஒரு பதில் சரியென்று படும். அதை ஆற்றிப் புட்டியில் ஊற்றுவதற்குள் எதிர்ப்பதில் சரியென்று படும். (புட்டியில் கொடுப்பது சரியா என்பது வேறு கவலை. அதை இங்கே இழுக்கவில்லை.)

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆசிரியை. மகளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. விடுப்பு முடிந்து ஜூனில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்பா சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அம்மா இல்லை. மாமியார் சங்கராபுரத்தில் நிலத்தையும் மாடுகளையும் விட்டுவிட்டு வர முடியாதவர். கணவருக்குச் சேலத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பிரசவத்திலிருந்து நானும் குழந்தையும் கள்ளக்குறிச்சியில் அப்பா வீட்டில்தான் இருக்கிறோம். விஷயம் தெரிந்த எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்ல நேரத்துலதான் உங்கப்பா ரிடையர் ஆவுறாரு." அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் எங்கள் தெருவில் இருந்த ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். அவரைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் தயங்குகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். உள்ளே வருகிற பஸ்ஸின் நேரத்தைக் குறித்து, கிளம்ப வேண்டிய நேரம் வந்ததும் விசில் ஊதி அனுப்பிவைக்கிற வேலை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு டைம்கீப்பர். எங்களுக்கு டைம்கீப்பர் பெரிப்பா. நெடுநெடுவென்று உயரம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். தோளுக்கு மேலே, நமக்குப் பின்னால் வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் "வாங்க" என்ற கையோடு "எந்த பஸ்ஸுக்குப் போவணும்?" என்று கேட்டுவிடுவார். தண்ணீர்ச் சொம்பு வருவதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். வந்தவர்கள் முகம் ஒருமாதிரி ஆகும். "செருப்பைக்கூட இன்னும் கழட்டல, அதுக்குள்ள தொரத்துறாரு பாருங்க" என்று பெரிம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து சமாளிப்பாள். ஆனால் பஸ்ஸைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் வேறு ஆள். அந்த நேரம் வரும்வரை எழுந்திருக்க விடமாட்டார். "இன்னும் நேரம் இருக்குது, உக்காருங்க" என்பார். நேரம் ஆனதும் கூடவே நடந்து போய், சீட்டுப் பிடித்து உட்காரவைத்து, பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு வருவார்.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அந்த அக்காவுக்குத் தலை பின்னி, பூ வைத்தது நான். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் பெரிம்மா அவரை உட்காரவைத்து, இன்றைக்கு ஒருநாள் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவரும் காப்பி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் மாமாவுக்கு அதுவே சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது.

"இன்னா சம்பந்தி, நாங்க வந்ததிலிருந்து பேசவே மாட்டேங்கறீங்க?" என்றார்.

பெரிப்பா ஒருமுறை சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு கேட்டுவிட்டார். "நீங்க எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

உள்ளே பெரிம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா சிரித்துவிட்டார். "வேன்ல வந்திருக்கோங்க. நீங்க போன்னு சொல்ற வரைக்கும் இருப்போம்." வேன் என்றதும் பெரிப்பாவுக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்தச் சம்பந்தமே அமைந்தது. அக்கா சென்னைக்குப் போனாள். ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையை நடித்துக்காட்டிச் சிரிக்கவைப்பாள். அப்போது அவளுக்கு அப்பா மேல் கோபம் எதுவும் இல்லை.

ஒருநாள் அவரிடமே கேட்டேன், ஏன் பெரிப்பா இப்படி என்று. "போற நேரம் தெரிஞ்சிட்டா வந்தவங்க நிம்மதியா உக்காருவாங்கம்மா. இல்லன்னா வாசலையே பாத்துக்கினு இருப்பாங்க. ஸ்டாண்டுல பாத்துக்கினே இருக்கேனே" என்றார். வீட்டுக்கு வந்தவர்களையும் அவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்களாகத்தான் பார்த்தார் என்பது அப்போது வேடிக்கையாக இருந்தது.

நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் கொடுத்தவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டு தெருவையே ஓட்ட ஆரம்பித்தார். பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், குழாயில் தண்ணீர் விடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர் என்று ஒருவரும் தப்பவில்லை. "நேத்து நீ லேட்டு" என்று முதல் நாள் சொன்னபோது சிரித்தார்கள். பிறகு சிலர் பக்கத்துச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தார்கள். பெரிம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழாக்குறையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

"வூட்ல ஒரு பஸ்ஸு கூட இல்லியேடி. இந்த மனுஷன் இன்னாதான் பண்ணுவாரு?"

எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஒருவர் அரிசி ஆலையில் கேட் பார்க்கிற வேலை வாங்கிக்கொடுத்தார். பெரிப்பா சீக்கிரமே திரும்பிவந்துவிட்டார். லாரிக்கு நேரமே கிடையாதாம். மூட்டை ஏற்றினால் கிளம்புகிறது, அங்கே நான் எதற்கு என்றார். காலையில் பள்ளி மைதானத்தில் நடக்கிறவர்களோடு அனுப்பிப் பார்த்தார்கள். "சுத்திச் சுத்தி கெளம்புன எடத்துக்கே வராங்க" என்று நின்றுவிட்டார். கொல்லையில் முருங்கை வைத்தார். அது பாட்டுக்கு வளர்ந்தது. பிறகு பகலில் படுக்க ஆரம்பித்தார். அதுதான் பெரிம்மாவைப் பயமுறுத்தியது. உடம்பைக் காட்டலாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது. யாரும் கொடுக்காத வேலை.

எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. மலையிலிருந்து ஜனங்கள் இறங்கிவருகிற ஆஸ்பத்திரி. வெளிநோயாளிகள் வரிசையில் அவருக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள். இன்னும் இரண்டு மூன்று பேர் போனால் அவள் முறை. அந்த நேரத்தில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வரிசையை விட்டு விலகி வாசலைப் பார்த்து நடந்தாள். பெரிப்பா கூப்பிட்டு, ஏம்மா போறே என்று கேட்டிருக்கிறார்.

"வண்டி போயிடும்" என்றாளாம்.

வெள்ளிமலை வரைக்கும் பஸ் உண்டு. அதைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களுக்கு மத்தியானம் கிளம்புகிற ஒன்றைத்தான் நம்ப முடியும். அதை விட்டால் ஜீப்புக்கு ஆள் சேரக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கேயே தங்க வேண்டும். அதனால் வண்டி நேரம் நெருங்கியதும் அவர்கள் வரிசையை விட்டுப் போய்விடுவார்கள். எனக்கு முன்னால் விடுங்கள் என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கோ ஓர் ஆள் குறைந்தது நல்லதுதான், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அந்தப் பஸ்ஸுக்கு எத்தனையோ வருஷம் விசில் ஊதி அனுப்பியவர் பெரிப்பா. நேரத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பெருமைப்பட்டிருக்கிறார். அதில் மருந்து வாங்காமல் ஏறி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய், நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்: "நீங்க எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிபன் பாக்ஸோடு, வேலைக்குப் போகிறவர் மாதிரியே கிளம்புவார். சீட்டுப் போடுகிற இடத்தில் நின்று மலை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் யார் யார் என்று விசாரித்துவைத்துக்கொள்வார். பஸ் நேரம் நெருங்கும்போது வரிசையில் பேச ஆரம்பிப்பார். அதட்டமாட்டார். "சின்னசேலத்துக்கு எப்ப வேணா பஸ் இருக்குதுங்க. இவங்களுக்கு இது ஒண்ணுதான்" என்பார். பெரும்பாலானவர்கள் நகர்ந்துகொள்வார்கள். எல்லோரும் இல்லை.

"ஏன் பெருசு, மலைக்காரங்க உனக்குக் கமிஷன் தராங்களா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"ஆமாங்க. பஸ்ஸு கெளம்பும்போது கை காட்டுறாங்க."

ஏமாற்றுபவர்களும் வந்தார்கள். இஸ்திரிச் சட்டையோடு ஒருவர் வந்து, நானும் வெள்ளிமலைதான் என்று முன்னால் நுழைந்தார். வழியில் கரியாலூரில் பஸ் எந்தக் கடை ஓரமாக நிற்கும் என்று பெரிப்பா கேட்டார். அவர் விழித்தார். "உங்க பஸ்ஸு உங்க தெருவுலயேதான் நிக்குது. பொறுமையா நடந்து போலாம், பின்னாடி நில்லுங்க" என்று அனுப்பிவைத்தார். காவலாளி இரண்டு தடவை வெளியே போகச் சொன்னார். பிறகு ஒருநாள் டாக்டரே உள்ளே கூப்பிட்டார். இதோடு முடிந்தது என்றுதான் பெரிப்பா நினைத்தார்.

"நீங்க யாரு?"

"டைம்கீப்பருங்க."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"பஸ் ஸ்டாண்டுங்க."

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மலைக்காரர்களுடைய சீட்டை எல்லாம் காலையிலேயே தனியாக எடுத்துக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அப்பா அப்படித்தான் சொல்வார்.

நான் இந்தக் கதையின் மறுமுனையையும் பார்த்தவள். எனக்கு மலையில் வேலை கிடைத்த முதல் வருஷம் ஒரு மாணவியின் அம்மா, கழுத்தில் கட்டியோடு இருந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போனேன் டீச்சர், பார்க்கல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்த தடவை மருந்துப் பையோடு வந்தாள். "கீழ நெட்டையா ஒரு பெரியவரு இருக்காரு டீச்சர். மருந்து வாங்கிக் குடுத்துட்டுத்தான் வண்டி ஏத்துறாரு" என்றாள். எங்கள் தெருக்காரர் என்று சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. அவருடைய வேலையே அதுதான் என்றும், அதற்குச் சம்பளம் உண்டு என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் தயக்கம் இதற்கப்புறம்.

பெரிம்மா காலமான பிறகு அவர் தனியாக இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள் அவள். மாமியார் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பாவுக்கும் துணை, குழந்தைக்கும் துணை என்று நினைத்துக் கூப்பிட்டாள். நான் அப்போது அங்கே நின்றிருந்தேன். "இங்க சும்மாதானேப்பா இருக்கீங்க. அங்க வந்து பேத்தியோட இருங்க" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஒரு பையோடு போனார்.

பொங்கலுக்கு முன்பே அதே பையோடு திரும்பிவந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று அப்பா கேட்டார். "கொழந்த தங்கமான கொழந்தைங்க. ஆனா அது எங்கியும் போவலியே. எந்த பஸ்ஸுக்குப் போவணும்னு கேட்டா சிரிக்குது" என்றார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கிளம்பும்போது, ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டாளாம். வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னாராம். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அக்கா வேலையை விட்டாள்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. பெற்ற பெண்ணுக்கு உதவாதவர் ஊருக்கு உதவுகிறாராம் என்றார்கள் சிலர். இத்தனை வருஷம் உழைத்தவர், அவர் இஷ்டம் என்றார்கள் சிலர். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நான் முழுக்க பெரிப்பா பக்கம். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது கிடைப்பார்கள், வரிசையில் நிற்க இவர் ஒருவர்தானே என்று பேசினேன். அப்பா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. பெரிப்பாவை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். இரண்டு வருஷமோ என்னவோ, அக்கா ஊர்ப் பக்கமே வரவில்லை. போனில் பேசும்போது ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "உங்க பெரிப்பாவுக்கு ஊர்ல இருக்கறவங்க பஸ்ஸெல்லாம் தெரியும். என் பஸ்ஸு போனது தெரியல."

இன்றைக்கு அந்த வாக்கியத்தை நானே சொல்லக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் என் மகளுக்குக் காய்ச்சல். மழை. ஆட்டோ பிடித்து அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. எனக்கு முந்தின நாளே வந்திருக்க வேண்டுமோ, தனியார் டாக்டரிடம் போயிருக்க வேண்டுமோ, போர்த்தியது அதிகமோ என்று ஒரே குழப்பம். பெரிப்பா என்னைப் பார்த்துவிட்டு வந்தார். இளைத்திருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பஸ் எல்லாம் இல்ல பெரிப்பா, நம்ம தெருவுக்குத்தானே" என்றேன். முன்னால் அழைத்துப்போவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது உண்மை. அவர் அழைத்துப்போகவில்லை. மழையால் இன்றைக்கு பஸ் சீக்கிரமே கிளம்பிவிடும் என்று மூன்று மலைக்காரக் குடும்பங்களை எனக்கு முன்னால் விட்டார். நான் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

பிறகு என்னிடமே வந்து நின்றார்.

"நீ போயி அந்த பெஞ்சுல உக்காந்து கொழந்தைக்குப் பால் குடு. உன் எடத்துல நான் நிக்கிறேன்."

எங்கள் பக்கம் வரிசையில் இடம் பிடிக்கச் செருப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள், பையை வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு மனிதர் நின்று நான் பார்த்ததில்லை. ஓர் அங்குலம் முன்னால் போகாமல், ஓர் அங்குலம் பின்னால் விடாமல், சுவரில் சாயாமல் எனக்காக நகர்ந்துகொண்டே வந்தார். நடுவில் யாரோ ஏதோ கேட்டதற்கு, "நான் இல்லீங்க, அந்தப் பொண்ணு நிக்குது" என்று என்னைக் காட்டினார். குழந்தை பால் குடித்துத் தூங்கியது. நான் சுவரில் தலை சாய்த்தேன். பிரசவத்துக்குப் பிறகு கவலையில்லாமல் உட்கார்ந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். முறை வந்ததும் கையாட்டினார். சாதாரணக் காய்ச்சல்தான், சரியாகிவிட்டது. அவருக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாசியில் அவர் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார், விடியற்காலையில்தான் தெரிந்தது. அக்கா சேதி கேட்ட கையோடு காரில் கிளம்பி வந்துவிட்டாள். உறவுக்காரர்கள் எல்லாம் வந்துசேர்ந்து சாயங்காலம் எடுப்பதாக முடிவானது. பதினோரு மணி வாக்கில் தெருமுனையில் ஒரு கூட்டம் வந்து தயங்கி நின்றது. காலை முதல் பஸ்ஸின் கண்டக்டர் மலையேறி, நின்ற இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக வந்திருந்தார்கள். கழுத்தில் கட்டியோடு இருந்த அந்த அம்மாவும் இருந்தாள். ஒருவர் கையில் தினை கொஞ்சம், ஒருவர் கையில் தேன் பாட்டில். சாவு வீட்டுக்கு இதையெல்லாம் கொண்டுவரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை. எதிர்ச் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள், ஆஸ்பத்திரியில் நிற்பது போலவே.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் ஓர் ஆள் வெயிலைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் யாரிடமும் சொல்லாமல் இப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது, சொல்ல நான் யார் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா எழுந்து வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அக்கா உள்ளே போய் வாய்க்கரிசித் தட்டை எடுத்துவந்தாள். பங்காளிகள் எழுந்துவிட்டார்கள். ரத்த சொந்தம் இத்தனை பேர் இருக்கும்போது வெளியாட்கள் முதலில் போடுவது எந்த ஊர் வழக்கம் என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். அக்கா சத்தம் போடவில்லை.

"நமக்கு நேரம் இருக்குது சித்தப்பா. அவங்களுக்கு இந்த ஒரு பஸ்ஸுதான்."

சித்தப்பா ஒதுங்கிக்கொண்டார். மலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அரிசி போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். அக்கா அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

காரியம் முடிந்த அன்று நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்று யோசித்து யோசித்துத்தான் கேட்டேன். அப்போது அவரைக் கூப்பிட்டது தப்பு என்று நினைக்கிறீர்களா அக்கா என்றேன். அவள் என் மகளின் கால்விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டே சொன்னாள்.

"அவரு அங்கயே இருந்திருந்தா நான் இன்னிக்கு வேற மாதிரி இருந்திருப்பேன். அவரும் வேற மாதிரி இருந்திருப்பாரு. ரெண்டுல எது பெரிய நஷ்டம்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா 'சும்மாதானே இருக்கீங்க'ன்னு சொன்னேன் பாரு. அத மட்டும் திரும்ப எடுத்துக்கலாம்னு தோணுது."

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

சித்திரை பிறந்ததும் அப்பா ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிவந்தார். வாழ்நாள் முழுக்கச் செருப்புப் போட்டவர். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மூடி, பீரோ மேல் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நடைப்பயிற்சிக்காக இருக்கலாம். எங்காவது போக நினைத்திருக்கலாம். அவருக்கு எங்கே போக ஆசை என்று யோசித்துப்பார்த்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. முப்பது வயதுவரை இந்த மனிதரோடு இருந்திருக்கிறேன். அவருக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்பது தெரியும், இது தெரியாது.

போன வாரம் ஒருநாள் சாயங்காலம் அவர் மடியில் குழந்தை இருந்தது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு, பெரிப்பாவின் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். "அப்பா, ஜூன்லருந்து நீங்க எங்கியாவது போவணும்னு இருக்கீங்களா?"

அவர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதில் உடனே வந்தது. அவ்வளவு உடனே வந்திருக்கக்கூடாது.

"நான் எங்கம்மா போவப்போறேன். சும்மாதானே இருப்பேன்."

மறுநாள் ஷூ பெட்டி பீரோ மேல் இல்லை. பரணில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தது. பீரோவைத் துடைப்பதற்காக எடுத்து அங்கே வைத்திருக்கலாம். நான் எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடுகிறவள் என்று கணவர் சொல்வார். இருக்கலாம். அதை எடுத்துப் பழையபடி பீரோ மேல் வைத்தேன். சரியாகச் செய்தேனா என்பது தெரியவில்லை. அப்பா அதைப் பார்த்தார்.

எனக்கு வேலை வேண்டும். மலையில் என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். என் மகளை அப்பாவைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். இது எல்லாம் உண்மை. பரணில் இருந்த பெட்டியும் உண்மை.

இதைப் படிக்கிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் இருப்பீர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் கேட்டிருப்பார்கள். கேட்கவே கேட்காமல் ஒப்படைத்துவிட்டும் போயிருப்பார்கள். என்னைப் போலக் கேட்கத் தயங்கி நிற்கிற பெண்களும் இருப்பீர்கள். எனக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "முடியாதும்மா" என்று அவர் சொல்லவும் இடம் இருக்கிற மாதிரி, எந்த வார்த்தையில் கேட்பது? ஜூன் வருவதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும். பெட்டி இப்போதைக்கு பீரோ மேல்தான் இருக்கிறது.